அய்யாதுரை போன இடம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும் அய்யாதுரை கொடியில் கிடக்கும் வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்வான். தலையைப் படிய வாரிக்கொள்வான். "வாரேன்" என்பான். அவ்வளவுதான் பேச்சு. மயிலாப்பூர் முண்டகக்கண்ணியம்மன் கோயிலுக்குப் பின்னால் இருந்த வரிசை வீட்டிலிருந்து கிளம்பி, பஸ் பிடித்து, சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு சைக்கிள் கடை மாடியில் இருந்த தொழிற்சங்க ஆபீசுக்குப் போய்விடுவான். அவன் திரும்புவதற்குள் பெண்டாட்டி தங்கபுஷ்பம் ஆறிப்போன குழம்பை மறுபடி சுட வைத்து, அதுவும் ஆறிப்போயிருக்கும்.

அந்தச் சங்கத்தின் பேரைக் கேட்டாலே அவளுக்கு ஆகாது. வாரம் முழுக்க அவனை அடையாற்றுப் பாலத்தைத் தாண்டி இருந்த மருந்துக் கம்பெனி வைத்துக்கொண்டது. அங்கே பாய்லர் ரூமில் வேலை. மிச்சம் இருந்த ஒரு நாளையும் சங்கம் பிடுங்கிக்கொண்டால், கட்டிக்கொண்டு வந்தவளுக்கு என்னதான் பாக்கி? பிள்ளை குட்டி இருந்தாலாவது அதுகளோடு மாரடித்துக்கொண்டு பொழுது போகும். அதுவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் விடிந்ததும் அவனுடைய சட்டைகள் அத்தனையையும் வாளியில் போட்டு ஊற வைத்துவிட்டாள். இன்றைக்கு எப்படிப் போகிறான் பார்ப்போம் என்று அடுக்களையில் உட்கார்ந்துகொண்டாள். அய்யாதுரை சாப்பிட்டு எழுந்தான். கொடியைப் பார்த்தான். வாளியைப் பார்த்தான். ஒரு சட்டையை எடுத்து முறுக்கிப் பிழிந்து, உதறிப் போட்டுக்கொண்டு, "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். சந்து நெடுக அவன் பின்னால் தண்ணீர் சொட்டிக்கொண்டே போயிற்று. முன்கட்டில் இருந்த வீட்டுக்காரம்மா பங்கஜம் எட்டிப் பார்த்து, "என்னம்மா இது, உங்காத்துக்காரர் சொட்டச் சொட்ட நனைஞ்சுண்டு போறாரே!" என்று கேட்டாள். தங்கபுஷ்பம் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சண்டை போட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அவன் சண்டை போடுகிற ஆளில்லை. வீட்டில் அவன் பேசினதே குறைவு. கேட்டதற்கு ஒரு சொல், கேட்காததற்கு அதுவும் இல்லை. உடன்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மெட்ராசுக்கு வந்த புதிதில், தியாகராயநகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த தன் அண்ணன் மாணிக்கவாசகத்தின் பெருமையை அவள் அவனிடம் அடிக்கடி பேசியதுண்டு. "எங்க அண்ணன் கடையில வேலைக்கு நிக்கிற பையங்களே டெரிலின் சட்டை போட்டிருக்கானுவ" என்று ஒருநாள் அவனுடைய கரி படிந்த காக்கிச் சட்டையைத் துவைத்துக்கொண்டே சொன்னாள். அன்றைக்கும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கம்பெனியைப் பற்றி வீட்டில் அவன் வாயைத் திறக்கவே இல்லை.

எழுபத்திரண்டில், ஓர் ஆடி மாதத்து மத்தியானம், பாய்லர் ரூமிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

சந்து கொள்ளாத கூட்டம் வந்தது. எல்லாம் சங்கத்து ஆட்கள். அவளுக்கு ஒருவர் பெயரும் தெரியாது. அவர்களுக்கு அவளைத் தெரிந்திருந்தது. பந்தல் போட்டார்கள், ஐஸ் வாங்கி வந்தார்கள், கிருஷ்ணாம்பேட்டை சுடுகாடு வரைக்கும் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். தொப்பி வைத்த ஒரு ஆள் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதான். அவன்தான் இனாயத், பாய்லர் ரூமில் அய்யாதுரைக்குக் கூட்டாளி என்று பிறகு தெரிந்தது. அவள் அழுததைவிட அவர்கள் அதிகம் அழுதார்கள். தங்கபுஷ்பம் கூடத்துச் சுவரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்காக இவர்கள் இப்படி அழுகிறார்கள்? தன்னோடு இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்த மனுஷனுக்காகவா, இல்லை வேறு யாருக்காவதா?

காரியம் முடிந்ததும் மாணிக்கவாசகம் கூப்பிட்டார். "ஏளா, இங்க தனியா கெடந்து என்ன செய்யப் போற? நம்ம வீட்டுக்கு வந்திரு. ஒம் மதினிக்கும் அடுப்படியில ஒரு கை ஒத்தாசையா இருக்கும்."

அந்த ஒத்தாசைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். அதே வாரத்தில் சங்கத்துச் செயலாளர் வேதநாயகம் வந்தார். கம்பெனியில் மெஷின் ஷாப் பிட்டர். நரைத்த மீசை, மெதுவான பேச்சு. "மேனேஜ்மெண்டுகிட்ட பேசியிருக்கோம், தங்கச்சி. பாட்டில் கழுவுற செக்‌ஷன்ல ஒரு இடம் தர்றதா ஒத்துக்கிட்டாங்க. வர்றியா?" என்றார். புருஷனைத் தின்ற சங்கம் சோறு போட வந்திருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஆனாலும் போனாள்.

பாட்டில் செக்‌ஷனில் எல்லாரும் பெண்கள். பெரிய தொட்டியில் காஸ்டிக் சோடா கலந்த வெந்நீர் ஆவி பறந்துகொண்டிருக்கும். அதில் ஊறிய பாட்டில்களை எடுத்து, சுழலும் பிரஷ்ஷில் கொடுத்துத் துலக்கி, நல்ல தண்ணீரில் அலசி அடுக்க வேண்டும். ரப்பர் கிளவுஸ் கொடுத்திருந்தார்கள். அவளுக்குப் பக்கத்து இடம் பாஞ்சாலிக்கு. நொச்சிக்குப்பத்துப் பெண். அப்பா கட்டுமரக்காரர், அம்மா ரோட்டோரம் மீன் விற்கிறவள். வாய் ஓயாது. "அக்கா, இன்னா எப்ப பாத்தாலும் கம்முனே கீற? இங்க பேசினாத்தான் கை வலி தெரியாது" என்பாள். தங்கபுஷ்பம் சிரித்து வைப்பாள். மாசம் பிறந்தால் சங்கத்துச் சந்தாவை வாயைத் திறக்காமல் கொடுத்துவிடுவாள்.

வேலை நாட்கள் எப்படியோ ஓடின. ஞாயிறுதான் ஓடவில்லை. முன்னெல்லாம் அந்த மத்தியானங்களில் கோபம் என்று ஒன்று துணைக்கு இருந்தது; அவன் வரட்டும், கேட்கிறேன் என்று மனசுக்குள் பேசிப் பேசிப் பொழுது சாய்ந்துவிடும். இப்போது யார் வரப் போகிறார்கள்? வரிசையில் இருந்த மற்ற குடித்தனங்கள் சினிமாவுக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் போய்விட்டால், குழாயடியில் காக்கை ஒன்று தத்துவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி உட்கார்ந்திருந்தவள் சட்டென்று எழுந்தாள். முகம் கழுவிப் புடவை மாற்றினாள். பஸ் பிடித்து, விசாரித்து விசாரித்து, அந்தச் சைக்கிள் கடையைக் கண்டுபிடித்தாள். இருட்டு மாடிப்படி. மேலே ஒற்றை அறை, விரித்த ஜமக்காளம், மங்கலான ட்யூப் லைட், பீடிப் புகை, கூவத்து நாற்றம். இதற்காகவா ஈரச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தான்?

அவளைக் கண்டதும் பேச்சு நின்றது. பீடிகள் அவசரமாக அணைந்தன. "வா தங்கச்சி" என்றார் வேதநாயகம். சுவரோரம் இடம் விட்டார்கள். போனஸ் பற்றிப் பேசினார்கள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கூட்டம் கலைந்ததும் இனாயத் அவளைப் பஸ் ஏற்றிவிடக் கூட வந்தான்.

"பாய், ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள். "அவிய இங்க வந்து என்னதான் செய்வாவ?"

இனாயத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இன்னா அண்ணி இப்பிடி கேட்டுட்டே! அண்ணன் இல்லாத கூட்டம் ஒரு கூட்டமா? பேசிக்கினே கெடப்பாரு. சிரிக்க வெச்சே கொன்னுடுவாரு. ஜெனரல் மேனேஜர் நடக்குற நட இருக்குதே, அத அப்பிடியே நடந்து காட்டுவாரு. வேதநாயகம் சாரே வயித்தப் புடிச்சுக்குவாரு."

"யாரு? எங்க வீட்டு ஆளா?"

"அவருதான். பின்ன யாரு?"

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டாள். பழைய சோற்றை எடுத்து வைத்துக்கொண்டு, அய்யாதுரை ஒரு அறையின் நடுவில் நின்று நடந்து காட்டுவதை நினைத்துப் பார்க்க முயன்றாள். முடியவில்லை. குனிந்து சாப்பிடுகிற உச்சந்தலைதான் கண்ணுக்கு வந்தது. அவன் செத்த அன்றைக்கு முழுசாக வராத அழுகை அப்போது வந்தது. துக்கமா, ஆத்திரமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எனக்கு ஒரு தடவை நடந்து காட்டியிருந்தால் என்னவாம்? நான் சிரிக்க மாட்டேன் என்று உனக்கு யார் சொன்னது?

யாரும் சொல்லியிருக்க வேண்டாம். டெரிலின் சட்டை ஞாபகம் வந்தது. அவள் தட்டை நகர்த்தி வைத்தாள்.

அடுத்த ஞாயிறும் போனாள். அதற்கடுத்ததும் போனாள். வேலை வாங்கித் தந்த நன்றிக்கு வருகிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். உண்மையில் அவள் போனது வேவு பார்க்க. செத்துப்போன புருஷனை அங்கே தேடினாள். ஒருவன், அண்ணன் நன்றாகப் பாடுவார் என்றான். இன்னொருவன், பேச்சு நீண்டால் அந்த மூலையில் படுத்துத் தூங்கிவிடுவார் என்றான். அவனைப் பற்றிக் கேட்கப் போய் அவர்களைப் பற்றியும் கேட்க ஆரம்பித்தாள். நீங்கள் எதற்கு வருகிறீர்கள்? ஒருவன் போனசுக்கு என்றான். ஒருவனுடைய சாப்பாட்டுத் தூக்கைச் சார்ஜ்மேன் காலால் எத்தித் தள்ளியிருக்கிறான், அன்றைக்கு வந்தவன். ஒருவன், மச்சான் வருகிறான், அதனால் நானும் வருகிறேன் என்று சொல்லிச் சிரித்தான். வேதநாயகத்தைக் கேட்டபோது அவர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைத் தட்டிக் காட்டினார். "நான் வரலைன்னா கதவை யாரு தெறக்குறது, தங்கச்சி?"

இனாயத்தை ஒருநாள் நேராகவே கேட்டாள். "அவிய எதுக்கு வந்தாவ?"

"பாய்லர் ரூம்ல எட்டு மணி நேரமும் காது கிழியிற சத்தம், அண்ணி. ஒருத்தரு பேசுறது ஒருத்தருக்குக் கேக்காது. இங்க வந்தா கேக்கும். எனக்குத் தெரிஞ்சு அவ்ளோதான்."

அந்த வருஷம் கோடையில் கம்பெனி கிளவுஸ் கொடுப்பதை நிறுத்தியது. பழையது கிழிந்தால் புதியது இல்லை. விலைவாசி ஏறிவிட்டது, சிக்கனம் என்றார்கள். சோடா வெந்நீரில் வெறுங்கையை விட்டால் முதலில் வழுவழுவென்று இருக்கும், பிறகு எரியும், பிறகு விரலிடுக்கில் தோல் வெள்ளையாக உரியும். வீட்டுக்குப் போய்ச் சோறு பிசைய முடியாது. பாஞ்சாலிக்கு இரண்டு உள்ளங்கையும் வெந்து கொப்பளித்துவிட்டது. தங்கபுஷ்பமும் இன்னும் சிலரும் அவளைக் கூட்டிக்கொண்டு சூப்பர்வைசர் கங்காதரனிடம் போனார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேண்டை இரண்டு கையாலும் மேலே இழுத்து விட்டுக்கொண்டார்.

"இதோ பாருங்கம்மா. கம்பெனின்னா ஒரு குடும்பம். ஏம்மா, வீட்ல சமைக்கிறப்போ கை சுட்டுக்கறதே இல்லையா? அதுக்கு யாருகிட்ட போய் கிளவுஸ் கேக்கறீங்க?" என்றார்.

பாஞ்சாலி கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள். எல்லாரும் திரும்பி வந்தார்கள்.

அந்த ஞாயிறு தங்கபுஷ்பம் பாஞ்சாலியையும் செக்‌ஷன் பெண்களில் நாலைந்து பேரையும் கூட்டிக்கொண்டு மாடியேறினாள். கோரிக்கைகளைப் பேசிக்கொண்டிருந்தார்கள். போனஸ், பஞ்சப்படி, லீவு. கிளவுஸ் பேச்சே இல்லை. அவள் எழுந்து நின்றாள். அத்தனை ஆண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கை... கை வேகுது" என்றாள். அதற்கு மேல் வரவில்லை. பின்னால் யாரோ, "அதெல்லாம் சின்ன விஷயம்மா, சூப்பர்வைசர்கிட்ட சொன்னா போதும்" என்றான்.

"சொன்னோம்!" என்று அவள் திரும்பினாள். "சொன்னதுக்கு என்ன சொன்னாவ தெரியுமா?"

பிறகு நடந்தது அவள் நினைத்துச் செய்ததில்லை. இல்லாத கண்ணாடியைக் கழற்றினாள். முந்தானை நுனியால் துடைத்தாள். இல்லாத பேண்டை இரண்டு கையாலும் இழுத்து விட்டுக்கொண்டாள். "இதோ பாருங்கம்மா" என்று கங்காதரனின் மூக்கடைத்த குரலிலேயே ஆரம்பித்தாள். "கம்பெனின்னா ஒரு குடும்பம்!"

பாஞ்சாலிதான் முதலில் களுக்கென்று சிரித்தாள். அப்புறம் பெண்கள் எல்லாரும். அப்புறம் அறையே அதிர்ந்தது. வேதநாயகம் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரிப்பு அடங்குகிற நேரத்தில், வெந்த கைகளுக்குச் சூப்பர்வைசர் சொன்ன பதிலை அவள் அதே குரலில் சொல்லி முடித்தாள். அப்போது யாரும் சிரிக்கவில்லை. இனாயத் மட்டும் வாசல் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

கிளவுஸ் கோரிக்கையில் சேர்ந்தது.

அன்று பஸ்ஸில் வரும்போது அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. ஒரு அறை முழுக்க இருந்த மனுஷர்கள் அவள் வாயிலிருந்து அடுத்த வார்த்தை வருவதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். பிறந்ததிலிருந்து அப்படி யாரும் அவளுக்காகக் காத்திருந்ததில்லை. ஓ, இதுதானா என்று நினைத்தாள். இதற்காகத்தானா? போனசும் வேண்டியதுதான், கிளவுசும் வேண்டியதுதான். ஆனால் ஈரச் சட்டையோடு ஒருவனை ஓட வைத்தது இதுதான். வீட்டுக்குப் போனதும் சொல்ல வேண்டும் என்று மனசு பரபரத்தது. முண்டகக்கண்ணியம்மன் கோயில் முனை திரும்பி, சந்துக்குள் நுழைந்து, பூட்டைத் திறக்கக் கையை வைத்தபோதுதான் சொல்ல ஆளில்லை என்பது உறைத்தது. கதவைத் திறக்காமல் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

பேச்சுவார்த்தை இழுத்து இழுத்து முறிந்தது. மறு வருஷம் பங்குனியில் ஸ்டிரைக் தொடங்கியது. கம்பெனி வாசலில் தூங்குமூஞ்சி மரத்தடியில் கீற்றுப் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். முதல் வாரம் திருவிழா மாதிரி இருந்தது. பாட்டும் கோஷமும் சுண்டலும். கங்காதரன் உள்ளே போகும்போதெல்லாம் பெண்கள் தங்கபுஷ்பத்தைப் பார்ப்பார்கள், அவள் பேண்டை இழுத்து விட்டுக்கொள்வாள், பந்தல் சிரிக்கும். சித்திரை வெயில் ஏற ஏறச் சிரிப்பு வற்றியது. அடகுக் கடைக்குப் போகாத வீடு இல்லை. மண்ணெண்ணெய்க்குக் கியூ, அரிசிக்குக் கியூ. பந்தலில் ஒவ்வொரு நாளும் தலைகள் குறைந்தன.

மாணிக்கவாசகம் ஒருநாள் டாக்சியில் வந்து மரத்துக்கு எதிர்ப்பக்கம் நிறுத்தி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். இறங்கவில்லை. அவள் ரோட்டைத் தாண்டிப் போனாள்.

"கண்டவன்கூட ரோட்டுல உக்காந்து கூப்பாடு போடுத. கடைக்கு வாரவங்க என்னைக் கேக்காங்க. எங் கடைப் பையங்க காதுலயும் விழுது. நாளைக்கு அவனுவளும் இப்படிக் கெளம்பினா நான் என்ன செய்ய? ஏறு வண்டியில."

"நான் வரல, அண்ணே."

"இப்ப வரலைன்னா இனி எப்பவும் வர வேண்டாம், பாத்துக்கோ."

கடையில் வேலை பார்க்கிற பையன்கள் ராத்திரி துணி மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொள்வதை அவள் பல தடவை பார்த்திருக்கிறாள். அவர்களுக்கும் சங்கத்து ஆபீஸ் மாதிரி ஒரு மாடி அறை வேண்டியிருக்கும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. அதைச் சொன்னால் அண்ணன் தாங்க மாட்டார். வண்டியை விட்டு விலகி நின்றாள். டாக்சி போய்விட்டது. வைகாசியில் அண்ணன் மகள் கல்யாணம் நடந்தது. அவளுக்குப் பத்திரிகை வரவில்லை.

அதைவிடப் பெரிய அடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஒருநாள் காலையில், போலீஸ் காவலோடு கம்பெனி வேன் ஒன்று கேட்டுக்குள் நுழைந்தது. உள்ளே பெண்கள், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்கள். பந்தலில் இருந்தவர்கள் "கருங்காலி! கருங்காலி!" என்று கத்தினார்கள். தங்கபுஷ்பமும் கத்த வாயைத் திறந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த ஒரு கை தெரிந்தது. உள்ளங்கை ஓரத்தில் தோல் உரிந்து ஆறிய தழும்பு. தினமும் பக்கத்தில் பார்த்த கை. திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

பாஞ்சாலியின் அப்பா காய்ச்சலில் படுத்து, கடலுக்குப் போக ஆளில்லாமல் இருந்தது அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? பந்தலில் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. "போனவ போயிட்டா, நீ தள்ளி உக்காரு அண்ணி, வெயில் வருது" என்றான் இனாயத். அவள் தள்ளி உட்காரவில்லை.

ஆனி பிறக்கும் முன் ஒப்பந்தம் கையெழுத்தானது. போனசில் கேட்டதில் பாதிதான் கிடைத்தது. கிளவுஸ் முழுசாகக் கிடைத்தது. ஆனால் முன்னால் நின்ற மூன்று பேரைத் திரும்ப எடுக்க முடியாது என்று கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது. கோர்ட்டுக்குப் போவோம், விட மாட்டோம் என்றார் வேதநாயகம். அவர் குரலிலேயே அது எத்தனை வருஷத்துக் காரியம் என்று தெரிந்தது. மூன்று பேரில் இனாயத் ஒருவன்.

அவன் ஆம்பூரில் தோல் ஷெட் ஒன்றில் வேலை தேடிக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு கிளம்பினான். தங்கபுஷ்பம் சென்ட்ரலுக்குப் போய் வழியனுப்பினாள். ரயில் நகரும்போது அவன், "அண்ணன் இருந்திருந்தா அவர் பேரையும்தான் சேத்து வெளிய தள்ளியிருப்பாங்க, அண்ணி" என்று சிரித்தான். அய்யாதுரை எப்படிப் பேசுவான் என்று சொல்வதற்கு இருந்த நெருங்கிய கூட்டாளியும் போய்விட்டான். மற்றவர்களுக்கு அய்யாதுரை மெல்ல மெல்ல ஒரு பெயராகிக்கொண்டிருந்தான்.

சங்கத்துத் தேர்தலில் அவளைக் கமிட்டிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். ஜமக்காளத்தின் சுவரோரத்திலிருந்து மேசைக்குப் பக்கத்து நாற்காலிக்கு வந்தாள். பேசினால் கேட்டார்கள். சிரிக்க வைத்தால் சிரித்தார்கள். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார ஆளில்லை. செக்‌ஷனில் பாஞ்சாலி லேபிள் ஒட்டும் மேசைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொள்வாள். வேனில் போன மற்ற பெண்களோடும் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தண்ணீர்ப் பானையில் அவர்கள் குடித்த டம்ளரைத் தீட்டுப் பட்டதுபோலக் கழுவி வைத்தார்கள். கமிட்டியில் ஒருவன், "இப்பிடியே கெடக்கட்டும், அப்பத்தான் புத்தி வரும்" என்றான். தங்கபுஷ்பம் அன்றைக்கு எதுவும் பேசாமல் இருந்துவிட்டாள். வீட்டுக்கு வந்தபின் அது அவளை அரித்தது.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கத்துக்குக் கிளம்பியவள் பஸ் ஸ்டாப்பில் நிற்காமல் சாந்தோம் பக்கம் நடந்தாள். நொச்சிக்குப்பத்தில் கட்டுமரங்களை மணலில் ஏற்றிப் போட்டிருந்தார்கள். ரோட்டோரம் மீன் கூடைகளுக்குப் பின்னால் பாஞ்சாலியும் அவள் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் பாஞ்சாலி எழுந்து கூடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"திட்டத்தானே வந்தே அக்கா? திட்டிட்டுப் போ. இன்னா சொன்னாலும் கேட்டுக்கறேன்."

"திட்ட வரல. அப்பாவுக்கு எப்படி இருக்கு?"

"எழுந்து நடக்குது." அவள் கால் விரலால் மணலைக் கிளறினாள். "அது படுத்துக்கெடந்தப்போ ஊட்ல அடுப்பே எரியலக்கா. உன்னாண்ட வந்து சொல்லிட்டுப் போலாம்னுதான் நெனச்சேன். மூஞ்சியக் காட்ட முடியல."

"இன்னைக்குக் கூட்டம் இருக்கு. வா, போவோம்."

"நானா? எந்த மூஞ்ச வெச்சுக்கினு வர்றது? தண்ணி குடிச்ச டம்ளரக் கழுவி வெக்கிறாங்கோ."

"அதைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறேன். போன தடவையே பேசியிருக்கணும். பேசல."

"பேசினா சரியாப் பூடுமா?"

"தெரியாது."

பாஞ்சாலி அவளையே பார்த்தாள். "அதான் கிளவுஸ் வந்துடுச்சே, அக்கா. உனக்குப் புள்ளயா குட்டியா? எதுக்கு இன்னும் அங்க போய்க்கினு கீற? எதுக்கு என்னியக் கூப்புடுற?"

தங்கபுஷ்பத்துக்கு மேடைப் பேச்சு நாலு வார்த்தை இப்போது பழகியிருந்தது. ஒற்றுமை, உரிமை, எதிர்காலம். அதில் எதையாவது எடுத்து வைக்கலாம் என்று பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகத்துக்கு முன்னால் அதெல்லாம் வாயில் வரவில்லை.

"நீ போனதுலேர்ந்து எனக்குப் பக்கத்துல ஆளில்ல, ஏளா" என்றாள். "அவ்வளவுதான்."

பாஞ்சாலியின் கண் கலங்கியது. யாரோ வந்து சங்கரா மீன் என்ன விலை என்று கேட்டார்கள். அவள் குனிந்து மீனைப் புரட்டிக் காட்டினாள். அம்மாக்காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கெழவனுக்கு முழுசா தேறட்டும்மா, அனுப்புறேன்" என்றாள்.

"பாக்கலாம் அக்கா" என்றாள் பாஞ்சாலி, தலையைத் தூக்காமல்.

அவ்வளவுதான் கிடைத்தது. தங்கபுஷ்பம் திரும்பி நடந்தாள். மழை விட்ட ஞாயிற்றுக்கிழமையானதால் பட்டணமே மெரினாவுக்குப் புறப்பட்டு வந்துகொண்டிருந்தது. அப்பாவின் தோளில் பிள்ளைகள், கையில் பலூன்கள், மல்லிகைப்பூவும் புதுப் புடவையுமாகப் பெண்கள். அவர்கள் எல்லாரும் ஒரு பக்கம் வர, இவள் ஒருத்தி எதிர்ப்பக்கமாக விலகி விலகிப் போனாள். டம்ளர் விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று உதட்டுக்குள்ளேயே பேசிப் பார்த்தாள். சிரிக்க வைக்க முடியாத விஷயம் அது. சிலருக்குக் கோபம் வரும். வேதநாயகமேகூட இப்போது வேண்டாம் என்று சொல்லக்கூடும்.

தூரத்தில் சிந்தாதிரிப்பேட்டை பஸ் திரும்புவது தெரிந்தது. விட்டால் அடுத்தது எப்போது வருமோ. புடவைக் கொசுவத்தைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேறு தெறிக்க ஓடினாள்.